பங்கும் புலஎண்ணும்: தென்சென்னை ஊர்களின் வேளாண் குடும்பங்களை நில, வரி ஆவணங்களின் வழித் தேடுதல்

ஆய்வுச்சுருக்கம்

மாம்பலம், புலியூர், கோட்டூர், ஊரூர், வேளச்சேரி, திருவான்மியூர் முதலியன இன்று சென்னை மாநகரின் பகுதிகள். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வரை அவை ஏரிப் பாசனத்தை நம்பிய உழவூர்கள். அவ்வூர்களில் வாழ்ந்த ஒரு வேளாண் குடும்பத்தின் தலைமுறைகளைப் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் இன்று வரை தொடர்ந்து காண, எவ்வகை ஆவணங்களை எம்முறையில் படிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பங்குமுறை நிலவிய ஊர்களில் குடும்பத்தின் அடையாளம் நிலத்தில் அன்று, பங்கிலேயே அமைந்திருந்தது. ஆகவே புலஎண்ணைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் வழக்கமான முறை ஓரளவுக்கு மேல் பயன்படாது என்பது இதன் கருத்து. பங்கில்லாத உழைப்பாளர் குடும்பங்களை வரிக்கணக்குக்கு வெளியே தேட வேண்டியிருப்பதும் இங்குப் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணியாட்சி, பங்கு, பசுங்கரை, ஜாகீர், பர்னார்டு அளவை, மாம்பலம், பாகப்பிரிவினை, பண்ணையாள்

1

தியாகராய நகரில் ஒரு வீட்டு மனையின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், சொத்து விவரத்தில் மாம்பலம் கிராமம் என்ற தொடரை இன்றும் காணலாம். கோடம்பாக்கத்தில் உள்ள சொத்துக்குப் புலியூர் கிராமம் என்றிருக்கும். மயிலாப்பூர்ப் பத்திரமாயின் ஓ.எஸ். எண், ஆர்.எஸ். எண், கலெக்டர் சான்றிதழ் எண் என மூன்று அடுக்கு எண்கள் வரிசையாக நிற்கும். கிராமம் மறைந்துவிட்டது, கிராமத்தின் கணக்கு மறையவில்லை. நகர வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோட்டையையும், தோட்ட வீடுகளையும், ஆங்கிலேயர் பெயர் தாங்கிய சாலைகளையும் கொண்டே சென்னையை விளக்கியுள்ளனர். அந்தத் தோட்ட வீடுகள் எழுந்த நிலத்தை அதற்கு முன் உழுதவர் யார் என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்பட்டது.

இக்கேள்விக்கு விடை தேடும் முறையியல் பிற நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1782 முதல் நிலவரிப் பட்டியலும் உடைமைவரிப் பட்டியலும் ஆள்வாரியாக எழுதப்பட்டன. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம், மேற்கு நிலப்பரப்பை 36 சதுர மைல் கொண்ட கட்டங்களாகவும், ஒவ்வொரு கட்டத்தையும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் அளந்து விற்க வழிசெய்தது. 1790ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கு ஒவ்வொரு குடும்பத் தலைவரையும் பெயர் சொல்லிக் குறித்தது. ஒரு நிலம், ஒரு பெயர், ஆண்டுக்கு ஒரு வரி என்ற நேர்கோடு அங்கே கிடைக்கிறது. அங்குள்ள குடும்ப வரலாற்றாளர் அக்கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறார். அதே 1790ஆம் ஆண்டுக் கணக்கில் அடிமைகள் உடையவரின் பெயருக்கு எதிரே வெறும் எண்ணிக்கையாக நின்றனர் என்பதையும் இங்கேயே குறித்து வைக்கலாம். பின்னர் அது பயன்படும்.

தொண்டைமண்டலத்தில் அந்நேர்கோடு இல்லை. அதனைத் தேடிப் போவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதற்கு ஆவணக் குறைவு மட்டுமே காரணமன்று.

2

காணி என்ற சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஒன்று உரிமை, மற்றொன்று அளவு. அளவாகக் கொண்டால், 24 அடிக் கோலால் அளந்த 576 சதுர அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். அதே காணியை இருபத்து நான்காகப் பிரித்தால் கிடைப்பது 2,400 சதுர அடி. சென்னையில் மட்டும் வழங்கும் 'கிரவுண்டு' அல்லது மனை என்ற அளவு அதுவே. தியாகராய நகரில் கிரவுண்டுக் கணக்கில் விலை பேசுவோர் பழைய நஞ்சைக் காணியின் இருபத்து நான்கில் ஒரு கூறையே பேசுகின்றனர்.

உரிமையாகக் கொண்டால், காணியாட்சி என்பது ஓர் ஊரின் மொத்த விளைநிலத்திலும், தரிசிலும், நீரிலும், மரத்திலும், நத்தத்திலும் ஒருவருக்குள்ள பிரிபடாத பங்கு. பாரசீக வழியில் வந்த மிராசு என்னும் சொல் இதன்மேல் பின்னர் படிந்தது. விற்பனை ஓலைகளில் நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் எட்டு வகைப் போகங்கள் சொல்லப்படுவது இவ்வுரிமையின் பரப்பைக் காட்டும். இன்றைய கிரயப் பத்திரங்களிலும் இவ்வரிசை எழுத்தர் வழக்காகத் தொடர்கிறது. எழுதுபவரும் எழுதிக்கொடுப்பவரும் அதன் பொருளைப் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை.

திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்ற கருத்துக்காகத் தமிழாய்வாளர் போற்றும் எல்லிஸ், 1810 முதல் 1819இல் இறக்கும் வரை சென்னைக் கலெக்டராக இருந்தவர். மிராசு உரிமை குறித்து அரசு விடுத்த பதினேழு வினாக்களுக்கு 1816இல் அவர் எழுதிய விடை 1818இல் அச்சேறியது. சங்கரய்யாவின் பின்னிணைப்புகளும், கல்வெட்டுகளும், விற்பனை ஓலைகளும் கொண்ட அந்நூல் நமது தேடலுக்கு அடிப்படையானது. அதில் அவர் விளக்கும் ஒரு வேறுபாட்டை நான் முதன்மையாகக் கருதுகிறேன். நிலம் பங்காளிகளுக்குள் நிலையாகப் பிரிக்கப்பட்ட ஊர் அருதிக்கரை. குறிப்பிட்ட கால இடைவெளியில் நிலத்தைக் கூறுபோட்டுச் சீட்டெடுத்து மாற்றிக்கொள்ளும் ஊர் பசுங்கரை.

பசுங்கரை ஊரில் ஒரு குடும்பம் இவ்வாண்டு ஏரியின் மதகடி நிலத்தை உழும். சில ஆண்டுகளில் கடைமடைக்குப் போகும். மதகுக்கு அண்மையும் சேய்மையும் விளைச்சலை முடிவு செய்யும் ஏரிப் பாசன ஊரில், நல்ல நிலமும் மட்ட நிலமும் எல்லோருக்கும் சுழன்று வரும் ஏற்பாடு இது. அக்குடும்பத்துக்கு நிலையாக உரியது எந்தப் புலமும் அன்று. பதினாறில் ஒரு பங்கு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்ற பின்னமே. ஆகவே ஒரு புலஎண்ணைப் பிடித்து, இது என் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உழுத வயல் என்று சொல்வது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நில அளவைக்கு முன்னால் பல ஊர்களில் பொருளற்ற கூற்றாகும். அளவையும் தீர்வையும் வந்த நாளில் யார் எந்த வயலில் நின்றாரோ அவ்வயல் அவருக்கு நிலைத்தது. பட்டா முறை உரிமையைப் பதிவு செய்தது என்று மட்டும் கூறினால் போதாது. சுழன்றுகொண்டிருந்த ஒன்றை ஓரிடத்தில் நிறுத்தியது.

பின்னம் தன்னளவில் ஒரு குடிவழிக் குறிப்பு. எடுத்துக்காட்டாக, பதினாறு பங்கு கொண்ட ஊரில் ஒரு பங்குடைய குடும்பம் இரு மைந்தர்க்கிடையே பிரிந்தால் அரைப்பங்கு, மீண்டும் பிரிந்தால் கால், அடுத்து அரைக்கால், அதற்கடுத்து வீசம். 'அரைக்கால் பங்கு' என்று ஓலை கூறுமாயின் முழுப் பங்கிலிருந்து மூன்று முறை இரண்டாகப் பிரிந்திருக்க வாய்ப்புண்டு. மூன்று மைந்தர்க்குப் பிரிந்த பங்கு தமிழ்ப் பின்ன வாய்பாட்டுக்குள் எளிதில் அடங்காமல் 'மூன்றிலொன்று' என்று விரித்து எழுதப்படும். 'ஒன்றே அரைக்கால்' போன்ற ஒட்டுப் பின்னமோ, விற்பனையாலோ வாரிசற்ற பங்காளியின் பங்கு வந்து சேர்ந்ததாலோ பெருகியதாக இருக்கலாம். இவை ஊகங்களே. ஆயினும் விற்பனை ஓலையுடன் ஒப்பிட்டு உறுதிசெய்யத்தக்க ஊகங்கள்.

உடைமை கூட்டாக இருந்ததா, தனியாக இருந்ததா என்ற கேள்வி கல்வெட்டாய்வுக்குப் புதியதன்று. நொபொரு கராஷிமா, திருச்சிராப்பள்ளிப் பகுதியின் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரு சோழர்கால ஊர்களை ஒப்பிட்டு, பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியாள் உடைமையும், வேளாள ஊரான அல்லூரில் கூட்டுடைமையும் காணப்படுவதாக 1966இல் எடுத்துக்காட்டினார். வேளச்சேரித் தண்டீசுவரர் கோயிலிலும் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலிலும் உள்ள சோழர்காலக் கல்வெட்டுகளை இக்கண் கொண்டு மீண்டும் படிப்பது நன்று. நகரின் எல்லைக்குள் கிடைத்த மிகப் பழைய நில ஆவணங்களுள் ஒன்றான திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின் தந்திவர்மன் கல்வெட்டே, அடகு வைக்கப்பட்ட கோயில் நிலத்தை மீட்ட செய்தியைத்தான் கூறுகிறது. சென்னையின் நில வரலாறு கடனோடு தொடங்குவது நம்மூர் உழவருக்கு வியப்பளிக்காது.

3

1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி, செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கம்பெனி அதனை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. தனக்குக் கிடைத்தது எவ்வளவு என்று அறியும் பொருட்டு 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளப்பித்தது. மொத்தப் பரப்பு, ஏரி, காடு, தோப்பு, நத்தம், மானியம், நஞ்சை, புஞ்சை, சாதிவாரியாக வீடுகள், விளைச்சலிலிருந்து ஊர்த்தொழிலாளர்க்கும் கோயிலுக்கும் பிரியும் மேரைகள், சுதந்திரங்கள் ஆகியன ஊர்தோறும் எழுதப்பட்டன. ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் உள்ளன. இவற்றுக்கு மூலமான தமிழ் ஓலைக் கணக்குகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தரம்பால் தொடங்கிவைத்த இத்தேடலின் பயனாக, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரு ஊர்களின் கணக்கு 2001இல் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தால் நூலாக வெளிவந்தது. மிஜுஷிமா சுகாசா இதே பர்னார்டு தரவுகளைக் கொண்டு மிராசு முறையின் இறுதிக் காலத்தை ஆராய்ந்துள்ளார்.

குடும்பம் தேடுபவர்க்கு இவ்விரு வடிவங்களும் ஒன்றல்ல. ஆங்கிலச் சுருக்கம் கூட்டுத்தொகை. ஓலையோ வீடு வீடாகவும் புலம் புலமாகவும் அளந்து செல்வது. ஓலையைப் படிக்கப் புள்ளியில்லா எழுத்தும், பின்னக் குறிகளும், ஊர்க்கணக்கரின் சுருக்கெழுத்தும் பழக வேண்டும். சுவடியியல் பயிலும் மாணவர் இலக்கியச் சுவடிகளில் கொள்ளும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக் கணக்கோலைகளுக்குத் தந்தால் தொண்டைமண்டல வரலாறு மாறிவிடும். இது என் ஆதங்கம்.

1780இல் ஐதர் அலியின் படை இப்பகுதியில் புகுந்தது. ஊர்கள் பாழாயின, குடிகள் சிதறினர். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயோனல் பிளேசு, திரும்பி வந்த மிராசுதாரரோடு வாரம் குறித்தும் உரிமை குறித்தும் மல்லுக்கட்டினார். அவரது 1799ஆம் ஆண்டு அறிக்கை அதற்குச் சான்று. 1802இல் ஜாகீர் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது. பல மிட்டாக்கள் நிலுவையால் அரசிடமே திரும்பின. இக்குழப்பத்துக்கிடையில் ஒரு குடும்பம் தன் பங்கை நிலைநாட்ட வேண்டுமாயின் பழமையைச் சொல்லியாக வேண்டும். ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று, காடு திருத்தி வேளாளரைக் குடியேற்றினான் என்ற கதை அக்காலக் கலெக்டர் கச்சேரிகளில் இடையறாது ஒலித்ததற்கு இதுவே காரணம். எல்லிஸ் நூலிலும் மெக்கன்சி தொகுப்பிலும் அக்கதை இடம்பெற்றது. குடும்ப வரலாறு எழுதுவோர் அதனைத் தொடக்க அத்தியாயமாக வைப்பர். அது உரிமை வழக்கில் வைக்கப்பட்ட வாதம் என்பதை மறவாமல் படிப்பதே ஆய்வாளர் கடன்.

4

1870களின் அளவையும் தீர்வையும் வந்தபின் ஆவணங்கள் பெருகுகின்றன. பைமாஷ் எண்ணும் புதிய சர்வே எண்ணும் ஒப்பிட்ட பட்டியல், சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, கூட்டுப் பட்டாவா தனிப்பட்டாவா என்ற குறிப்பு ஆகியன ஊர்தோறும் கிடைக்கும். ஆண்டெல்லாம் பசலியில் இருக்கும். பசலியுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் கிறித்தவ ஆண்டு வரும். ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் இறுதியில் முடியும். ஆகவே பசலி 1285 என்பது 1875–76.

இப்பதிவேடுகளால் என்ன செய்ய இயலும் என்பதற்குச் சிறந்த சான்று சென்னையில் இல்லை. காவிரிக் கரையில் உள்ளது. ஹருகா யானகிசாவா, லால்குடி வட்டத்து நஞ்சை ஊர்களின் தீர்வைப் பதிவேடுகளை 1860கள் தொடங்கித் தலைமுறை இடைவெளியில் ஒப்பிட்டு, பிராமணர் நிலவுடைமை மெல்லச் சுருங்குவதையும், உழைப்பாளர் சாதியினர் சிலர் சிறு நிலங்களைப் பெறுவதையும் பெயர் பெயராகக் காட்டினார். 1996இல் வெளிவந்த அந்நூலின் முறையை மாம்பலத்துக்கோ வேளச்சேரிக்கோ அப்படியே பொருத்த முடியாது. அங்கே நிலம் நிலமாகவே இருந்தது, இங்கே மனையாயிற்று.

முதல் இடர் பெயர். பாட்டன் பெயரை இட்டு வழங்குவதாலேயே மகனின் மகன் பெயரன் ஆனான். முத்துசாமி மகன் பெருமாள், பெருமாள் மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் பெருமாள் என்று ஒரு பட்டா எண்ணில் எழுபது ஆண்டுகள் இரண்டே பெயர்கள் மாறி மாறி வரக்கூடும். அதே பாட்டன் பெயரைப் பங்காளி வீட்டிலும் ஒருவன் சுமப்பான். தகப்பன் பெயர் மட்டும் போதாது. பாட்டன் பெயரும் அதே இருவருள் ஒன்றாகவே இருக்கும். இச்சிக்கலை அவிழ்ப்பன பத்திரத்தின் நான்கெல்லைகள். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்ன வாய்க்கால் என்பது மாறும் பெயர்களுக்கு நடுவில் மாறாத சட்டகம். பக்கத்து நிலக்காரனின் பத்திரத்தில் நம் குடும்பம் எல்லையாக வருவதையும் சேர்த்துப் படித்தால் இரு முத்துசாமிகளும் பிரிந்து நிற்பர். சாட்சிக் கையொப்பமும் கைநாட்டும் இன்னொரு துணை. தந்தை கைநாட்டு வைத்து மகன் கையெழுத்திட்ட ஆண்டு, அக்குடும்பத்துக்குள் பள்ளிக்கூடம் நுழைந்த காலத்தைக் காட்டும்.

1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பின் சார்பதிவாளர் அலுவலகங்கள் இத்தேடலின் மையம். 1ஆம் குறிப்பேடு எழுதிக்கொடுத்தவர், பெற்றவர் பெயர்களை வரிசைப்படுத்தும். 2ஆம் குறிப்பேடு சொத்தை வரிசைப்படுத்தும். வில்லங்கச் சான்று கேட்போர் இரண்டாவதன் வழியிலேயே செல்வர். குடிவழி தேடுவோர்க்கு முதலாவதே உரியது. கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் பன்மடங்கு செறிவானது: மூத்த தாரத்து மக்கள், இளைய தாரத்து மக்கள், கைம்பெண்ணின் சீவனாம்சத்துக்கு ஒதுக்கிய மனை, பொதுவில் வைத்த கிணறு, குலதெய்வப் படையலுக்கு முறைவைத்த நிலம் அனைத்தும் அ, ஆ, இ எனப் பட்டியலிடப்படும். பெண்மக்கள் இவற்றில் அரிதாகவே தோன்றுவர். தோன்றினால் விடுதலைப் பத்திரத்தில், உரிமையை விட்டுக்கொடுப்பவராகத் தோன்றுவர். 1989இல் தமிழ்நாடு அரசு மகள்களையும் கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளிகளாக்கிய பின்னரே அவர்கள் பெயர்கள் முறையாக ஏறத் தொடங்கின. மருமகளாய் வந்தவர் 'இன்னார் பெண்சாதி' என்று கணவன் இறந்தபின் பட்டாவில் ஏறுவார். அக்குறிப்பே பல சமயம் கணவன் இறந்த காலத்துக்கான ஒரே சான்று.

மானியம் பெற்றிருந்த குடும்பங்களுக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகளில் மானியதாரர் பெயர், அகவை, முதலில் பெற்றவர்க்கும் அவர்க்கும் உள்ள உறவு ஆகியன கேட்டு எழுதப்பட்டன. கோயில் ஊழியர், கணக்கர், தலையாரி, வெட்டியான் ஆகியோரின் குடும்பங்களுக்கு இப்பதிவேடு ஓர் ஏணி. ஊர்க்கணக்கர் வீட்டிலேயே கணக்கு இருந்த காலம் 1980இல் முடிந்தது. அவ்வாண்டு அப்பரம்பரைப் பதவிகள் நீக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர் வந்தனர். பழைய கட்டுகள் எல்லாம் வட்ட அலுவலகம் வந்து சேர்ந்துவிட்டன என்று நம்பி ஆய்வைத் திட்டமிடக் கூடாது.

5

மாம்பலத்துக்குத் திரும்புவோம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியே தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி, 1920களில் வடிக்கப்பட்டு, நகரமைப்புச் சட்டத்தின்கீழ் தியாகராய நகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரில் நகரும், பனகல் அரசர் பெயரில் பூங்காவும் அமைந்தன. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் ஏரியின் நினைவுக்குறிப்புகளாக எஞ்சின.

ஏரி அரசுப் புறம்போக்கு. அதில் எவர் பெயரும் இராது. ஆயினும் ஏரி ஒன்றிருந்தால் அதற்கு ஆயக்கட்டு உண்டு. ஆயக்கட்டில் வயல், வயலில் பட்டா, பட்டாவில் பெயர். ஆகவே தியாகராய நகரின் முன்வரலாற்றை ஏரிப்படுகையில் தேடுவதைவிட, அதன் நீர் பாய்ந்த நஞ்சைப் பதிவேடுகளில் தேடுவதே பயன் தரும். ஏரி போனபின் நஞ்சை என்ற வகைப்பாட்டுக்குப் பொருளில்லை. நீரில்லா வயலின் உடையவர் விற்றாக வேண்டும், அல்லது மனையாகப் பிரித்தாக வேண்டும். அக்கால வில்லங்கப் பதிவுகளில் வேளாண் குடும்பங்கள் கடைசியாகத் தோன்றுவது பெரும்பாலும் மனைப்பிரிவு விற்பனையின் எழுதிக்கொடுப்பவராகவே. அதற்குப் பின் அப்பெயர் அவ்வூர்க் கணக்கில் இராது.

அரசு நிலத்தைக் கையகப்படுத்திய இடங்களில் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுதிய தீர்வங்கள் இவ்விடைவெளியை நிரப்பும். இழப்பீடு யாருக்கு எவ்வளவு என முடிவு செய்ய, உடையவர், அடமானம் பெற்றவர், குத்தகையாளர், வாரிசு எனத் தம்மைக் கூறிக்கொண்ட அனைவரையும் அதிகாரி கேட்டாக வேண்டும். பங்கீட்டுத் தகராறு நீதிமன்றம் சென்றால் குடிவழி மரமே மனுவோடு இணைக்கப்படும். கிணறு எத்தனை, தென்னை எத்தனை, வேலி எவ்வகை என்ற விவரமும் இருக்கும். ஒரு வேளாண் குடும்பத்தின் வாழ்வை நிலத்தோடு சேர்த்துக் காட்டும் கடைசி ஆவணம், அந்நிலத்தை அதனிடமிருந்து எடுத்த ஆவணமாக அமைகிறது.

அடையாற்றங்கரையில் நிலைமை வேறு. அங்கே தோட்ட வீடுகள் வயல்களுக்கு நடுவே முன்பே வந்துவிட்டன. 1882இல் பிரம்மஞான சபை வாங்கிய ஹடல்ஸ்டன் தோட்டமும் அவ்வகையினதே. ஊரூர், தாமோதரபுரம் போன்ற பழைய குடியிருப்புகளின் பெயர்கள் அதனைச் சுற்றி இன்றும் வழங்குகின்றன.

6

இதுவரை கூறிய அனைத்தும் பங்கோ பட்டாவோ மானியமோ பெற்றிருந்த குடும்பத்துக்கே பொருந்தும். வரிக்கணக்கு வரி கொடுப்பவனைத்தான் எழுதும். மிராசுதாரர்க்குக் கீழே உள்குடிப் பயிர்க்காரி, அவர்க்குக் கீழே புறக்குடிப் பயிர்க்காரி, அனைவர்க்கும் கீழே பண்ணையாள் என்ற அடுக்கில், கீழே செல்லச் செல்லப் பெயர் மங்கி எண்ணிக்கை மட்டும் நிற்கிறது. பர்னார்டின் ஆங்கிலச் சுருக்கத்தில் பறையர் வீடு இத்தனை என்றிருக்கும். 1790ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கை முன்னர் குறித்தது இதற்காகவே. வயலில் உண்மையாக இறங்கி உழுதவரே இவ்வூர்களின் வேளாண் குடும்பம் எனக் கொண்டால், வேளாண் குடும்பத்தைப் பற்றி நில ஆவணம் மிகக் குறைவாகவே பேசுகிறது.

இது வெறும் ஆய்வுச் சிக்கலன்று. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் எழுதிய குறிப்பு, பறையர் குடியிருந்த சேரி நத்தமும் மிராசுதாரர் உரிமையாகக் கொள்ளப்பட்டதையும், தரிசு கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரர்க்கே முன்னுரிமை இருந்ததையும் எடுத்துக்காட்டியது. பெயர் இல்லாமை இடமில்லாமையாக மாறிய விதம் அதில் தெளிவு. 1892இல் அரசு ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என நாம் அறிவது அதுவே. கைமாற்றத் தடையோடு கூடிய அவ்வொதுக்கீட்டுப் பதிவுகளில்தான் பல குடும்பங்கள் நிலத்தோடு சேர்ந்த தனிப்பெயராக முதன்முதல் தோன்றுகின்றன. 1980களில் நிலவுடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது அன்றைய அனுபவதாரர் பெயர் ஏறிய இடங்களில், பழைய 'அ' பதிவேடும் ஒதுக்கீட்டு ஆணையும் இன்றி வழக்காட முடியாது. பழைய ஏடு ஒன்றைத் தேடிக் கண்டெடுப்பது ஒரு குடும்பத்தின் வீட்டு மனையைத் தீர்மானிக்கும் நிலை இன்றும் உண்டு.

வரிக்கணக்குக்கு வெளியே உள்ள ஏடுகளை இதனால் நாட வேண்டியுள்ளது. 1606இல் அமைந்த மயிலைச் சாந்தோம் மறைமாவட்டத்தின் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேடுகள் தாய், தந்தை, ஞானப்பெற்றோர் பெயர்களைக் குறிக்கும். ஆனால் எனக்கு மிகவும் செறிவாகத் தோன்றுவது கப்பல் பட்டியலே. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற துரோரோ கப்பல் தர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911 வரை நேத்தாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். செங்கற்பட்டும் வடஆற்காடும் ஆள்திரட்டிய மாவட்டங்களுள் முக்கியமானவை. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு எனப் பட்டியல் எழுதப்பட்டது. ஊரில் எட்டுத் தலைமுறை உழைத்தும் கணக்கேறாத ஒருவன், ஊரைவிட்டு நீங்கிய நாளில் தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் முழுமையாக எழுதப்பட்டான்.

ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் அப்பட்டியலில் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருக்கும். சைதாப்பேட்டை வட்டம் என்ற குறிப்பு இருந்தால், அவ்வட்டத்தின் தீர்வைக்கால ஊர்ப்பட்டியலை அருகில் வைத்து ஒலியொப்புமை கொண்டு ஊரைக் கண்டறியலாம். கண்டறிந்தபின் அவ்வூரின் மிராசுதாரர், பயிர்க்காரி, சேரி நத்தத்தின் பரப்பு ஆகியன நில ஆவணத்திலிருந்து கிடைக்கும். எவர் பண்ணையில் அவன் உழைத்திருக்கக்கூடும் என்ற வட்டம் ஐந்தாறு பெயர்களாகச் சுருங்கும். நேத்தாலிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் தம் மூதாதையர் ஊரைத் தேடி வருவோர் கையில் கொண்டுவரும் தாள் பெரும்பாலும் இப்பட்டியலின் ஒரு வரியே. அவ்வரியை வேளச்சேரியின் அல்லது கோட்டூரின் நத்தத்தோடு இணைக்கும் பதிவேடுகளுக்குச் சென்னையில் இன்னும் ஒரு பொது அட்டவணை தேவைப்படுகிறது.